மோட்டார் எஞ்சினில் மறைகசிவும் அதனை அறியும் அளவைகளும்

உருத்திரபுரத்து வயல்களில் நீர் பாய்ச்சுவோர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. மாலையில் வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் கட்டி, மடையை அடைத்துவிட்டு வீடு திரும்புவர். விடியலிற் சென்று பார்த்தால் நீர் பாதியாய்க் குறைந்திருக்கும். வரம்பு உடைந்திலது; மடையும் அடைத்தவாறே இருக்கும். பழக்கமில்லாதவர் மீண்டும் வாய்க்காலைத் திறந்து நீரை நிரப்புவர். பழகியவரோ மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வரம்பைச் சுற்றி மெல்ல நடந்து, அயல் வயற் பக்கத்தில் ஈரம் ஊறும் இடத்தைக் கண்டு, அதன் வழியே நண்டு வளையைத் தேடி அடைப்பர். முன்னவர் குறையை நிரப்புகின்றார். பின்னவர் குறையின் காரணத்தை நாடுகின்றார்.

மோட்டார் வண்டியின் எஞ்சினிலும் இத்தகைய நண்டு வளைகள் உண்டு. அவற்றால் தண்ணீர் நாள்தோறும் குறையும்; ஆயினும் நிலத்தில் ஒரு துளியும் காணப்படாது. இம்மறைகசிவை எவ்வாறு ஒழுங்குபட ஆராய்ந்து அறிவது என்பதையே இக்கட்டுரையிற் கூற விழைகின்றோம். இலக்கணம் கற்பிக்கும் தமிழாசிரியருக்கு எஞ்சினில் என்ன வேலை என்று நம் கல்லூரியின் பழைய மாணவர் நகைத்தல் கூடும். எமது பழைய மொறிஸ் மைனர் வண்டி எமக்கு நடத்திய பாடமே இதற்கு ஏது என்று விடை கூறுவோம்.

எஞ்சினுக்கு நீர் எதற்கு?

எஞ்சினின் சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவி எரியும்போது வாயுவின் வெப்பம் 2000 பாகை செல்சியசுக்கு மேற் செல்லும். அவ்வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றிவரும் நீர் வாங்கிக்கொள்கின்றது. சூடேறிய நீர் முன்னாலுள்ள ரேடியேற்றருட் சென்று, நுண்ணிய குழாய்களின் வழியே இறங்கிக் காற்றினாற் குளிர்ந்து, பம்பினால் மீண்டும் எஞ்சினுள் தள்ளப்படுகின்றது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தேர்மோஸ்ரற் என்னும் வாயில் மூடியிருக்கும். உரிய சூடு ஏறிய பின்னரே அது திறந்து நீரை ரேடியேற்றருக்கு விடும்.

ரேடியேற்றரின் மூடியும் வெறும் மூடியன்று. அதிலுள்ள வில் நீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றது. திறந்த பானையில் 100 பாகையிற் கொதிக்கும் நீர், சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தம் மிகும்போது ஏறக்குறைய 120 பாகையிலேயே கொதிக்கும். பழைய வண்டிகளின் மூடி இதனினும் குறைந்த அழுத்தமுடையது. ஆயினும் தத்துவம் ஒன்றே. ஆகவே ஓடும் எஞ்சினில் நீர் சூடாகவும் அழுத்தத்துடனும் இருக்கின்றது என்பதை மாணவர் மனத்திற் கொள்ளுக. ஆறிய நிலையில் ஒழுகாத துளை ஓடும்போது ஒழுகுவதற்கு இதுவே காரணம்.

எமக்கு நேர்ந்தது

மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான முதற் பிரித்தானிய மோட்டார் வண்டி அதுவே. 1962 முதல் அதிற் பொருத்தப்பெற்ற 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சினே எமது வண்டியிலும் உள்ளது. சில திங்களுக்கு முன்னர் அதன் ரேடியேற்றரில் நீர் குறையத் தொடங்கியது. யாமோ பழக்கமில்லாத உழவரைப் போல நடந்தோம். வண்டியில் இரண்டு போத்தல் கிணற்று நீரை வைத்துக்கொண்டு, குறைந்தபோதெல்லாம் வாய்முட்ட நிரப்பினோம். வண்டி ஓடியது, எமக்கும் கவலை எழவில்லை.

ஒருநாள் இரவு அயல்வீட்டார் வந்து கதவைத் தட்டினர். அவ்வீட்டு மருமகளுக்குப் பிரசவ வேதனை. கிளிநொச்சி வைத்தியசாலைக்குப் புறப்பட்டோம். பாதி வழியில் வாய்க்கால் ஓரமாக வண்டி கொதித்து நின்றது. போத்தல்கள் அன்று வெறுமையாய் இருந்தன. இருளில், வேதனையில் முனகும் பெண்ணையும், எம்மை ஒன்றும் கேளாது வீதியையே நோக்கிநின்ற அவள் மாமியாரையும் பார்த்துக்கொண்டு நின்ற அந்தப் பொழுதை யாம் மறக்கமாட்டோம். பின்னால் வந்த முச்சக்கர வண்டி ஒன்று அவர்களை ஏற்றிச்சென்றது. தாயும் சேயும் நலமாயினர். எமது கவனக்குறைவுக்கு வேறொருவர் விலை கொடுக்க நேர்ந்திருக்கும் என்ற எண்ணமே காரணத்தைத் தேடுமாறு எம்மைத் தூண்டியது.

மறுநாள் வண்டியை ஒரு வேலைத்தலத்துக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்தவர் எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்த அளவிலே, சிலிண்டர்த் தலைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையிலுள்ள காஸ்கெற் பழுதென்றும், தலையைக் கழற்றித் தேய்த்துப் புதிய காஸ்கெற் இடவேண்டும் என்றும் கூறினார். கேட்ட தொகை எமது ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு. அவர் கூற்றிலும் ஒரு நியாயம் இருந்தது. 1990இலிருந்து 2002 வரை வன்னிக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், யாம் பள்ளிச் சிறுவராய் இருந்தபோது, இவ்வகைப் பழைய வண்டிகள் சிறிது பெற்றோலினால் இயக்கப்பட்டுப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எஞ்சினுள் முறையின்றி வெடித்து எரிவது. அவ்வதிர்ச்சி காஸ்கெற்றுக்குக் கேடு. அக்காலத்தைக் கண்டவர்கள் நீர் குறைந்தால் முதலிற் காஸ்கெற்றை ஐயுறுவது இயல்பே. ஆயினும் ஐயம் வேறு, துணிபு வேறு.

பணத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்த வேளையில் எம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவரைச் சந்தித்தோம். அவர் இப்பொழுது வாகனம் திருத்துந் தொழில் செய்பவர். முழுவதையும் கேட்டபின் அவர் வினவிய முதல் வினா, தண்ணீர் எந்நாளில் எவ்வளவு குறைந்தது என்று எழுதி வைத்திருக்கின்றோமா என்பதே. மாணவரின் வரவுப் பதிவை நாள் தவறாது எழுதும் யாம் இதனை எழுதியிருக்கவில்லை. வெட்கத்துடன் இல்லை என்றோம்.

நீர் போகும் வழிகள்

எஞ்சினிலிருந்து நீர் வெளியேறும் வழிகள் நான்கே என்று அம்மாணவர் எமக்கு வகுத்துக் காட்டினார்.

முதலாவது, கசிவு இல்லாமலே போதல். ஐந்து லீற்றர் நீர் 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேறினால் நூற்றுக்கு மூன்று பங்கு விரிந்து, ஏறக்குறைய 150 மில்லிலீற்றர் பெருகும். பழைய வண்டியின் ரேடியேற்றரை வாய்முட்ட நிரப்பினால் அந்த ஒரு தேநீர்க் குவளை நீர் வழிகுழாயால் வீதியிற் கொட்டும். மூடியின் வில் தளர்ந்திருந்தாலும் இவ்வாறே போகும்.

இரண்டாவது, எஞ்சினுக்குப் புறத்தே கசிதல். ரேடியேற்றர், ரப்பர்க் குழாய்கள், அவற்றின் பட்டிகள், நீர்ப் பம்பு, எஞ்சின் உடலின் பக்கங்களில் அடிக்கப்பட்டுள்ள கோர் பிளக் என்னும் தகட்டு மூடிகள் ஆகியன இதற்குரிய இடங்கள். பம்பின் கீழே சிறு துளை ஒன்றுண்டு. அதனால் நீர் சொட்டுமாயின் உள்ளேயுள்ள அடைப்பு தேய்ந்தது என அறிக. புதிய வண்டிகளில் உள்ளிருப்போருக்குச் சூடு தரும் ஹீற்றரின் சிறு ரேடியேற்றரும் கசியலாம். கால் வைக்கும் இடத்து விரிப்பு நனைதலும், முன்கண்ணாடி உட்புறம் மங்குதலும், இனிய மணம் வீசுதலும் அதன் அறிகுறிகள்.

மூன்றாவது, சிலிண்டருக்குட் கசிந்து புகையோடு ஆவியாய்ப் போதல். நான்காவது, எஞ்சின் எண்ணெயிற் கலத்தல். காஸ்கெற் பழுதும் சிலிண்டர்த் தலையின் வெடிப்பும் இவ்விரண்டுக்கும் காரணமாவன. எண்ணெயோடு நீர் கலந்தால் அது பாற்றேநீர் போல வெளிறும்.

அளவைகளைக் கொண்டு ஆராய்தல்

சைவ சித்தாந்தம் பயின்றோர் பொருளை அறியும் கருவிகளாகிய அளவைகளை அறிவர். சிவஞான சித்தியாரில் அவை பேசப்படுகின்றன. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. இன்மையைக் கொண்டு அறிதலும், வேண்டாதனவற்றைக் கழித்து எஞ்சியதைக் கொள்ளும் ஒழிபும் அவற்றோடு வைத்து எண்ணப்படுவன. இவற்றை யாம் வகுப்பிற் பலமுறை விளக்கியுள்ளோம். எமது வண்டியின் முன்னே ஒருமுறையும் பயன்படுத்தினோமில்லை. வேலைத்தலத்தார் கூற்றை உரையளவையாகக் கொண்டு தலையசைத்தோம். ஆப்தன் எனத்தக்கவன் பொருளை ஆராய்ந்து கண்டவனாதல் வேண்டும் என்பதை அப்பொழுது மறந்தோம்.

மாணவர் சொற்படி முதலில் நீர்மட்டத்தை வாயிலிருந்து ஓரங்குலம் தாழ்த்தி வைத்து, பத்து நாள் காலைதோறும் எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவுக் குவளையால் நிரப்பி எழுதினோம். வண்டி வீட்டில் நின்ற இரு நாளும் நீர் சிறிதும் குறையவில்லை. பாடசாலைக்கு மட்டும் சென்ற நாள்களிற் சிறிதே குறைந்தது. கிளிநொச்சிக்குச் சென்று மீண்ட நாள்களில் அரை லீற்றர்வரை குறைந்தது. மட்டத்தைத் தாழ்த்திய பின்னரும் குறைந்தமையின் வாய்முட்ட நிரப்பியது மட்டும் காரணமன்று என்பது தெளிவாயிற்று. மூடியைச் சோதித்தபோது அதன் வில்லும் செவ்வையாகவே இருந்தது. முதல் வழி கழிந்தது. நிற்கும்போது குறையாது ஓடும்போதே குறைவதால், சூடும் அழுத்தமும் உள்ளபோது மட்டும் திறக்கும் வழி அது என்று கருதலளவையாற் பெற்றோம்.

அடுத்து உட்கசிவை ஆராய்ந்தோம். அளவுக் கம்பியை உருவிப் பார்க்க எண்ணெய் தெளிவாய் இருந்தது. நான்காம் வழி பெரிதும் கழிந்தது. நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்து நோக்கினோம். சிலிண்டர் ஒன்றில் நீர் புகுமாயின் அதன் பிளக் ஏனையவற்றினும் கழுவினாற்போல வெளுத்திருக்கும். நான்கும் ஒரே நிறமாய் இருந்தன. எஞ்சின் ஓடும்போது ரேடியேற்றரில் இடையறாத குமிழிகள் எழவில்லை. பின்னர் மாணவர் ஒரு கண்ணாடிக் குழாயில் நீலநிறத் திரவத்தை ஊற்றி ரேடியேற்றர் வாயில் வைத்தார். எரிந்த வாயு நீரிற் கலந்து வருமாயின் அந்நீலம் மஞ்சளாக மாறும். அது நீலமாகவே நின்றது. இத்தனை சோதனையும் ஒருமுகமாகக் கூறியமையின் காஸ்கெற் குற்றமற்றது என்று துணிந்தோம். ஒரு சோதனையின் முடிவை மட்டும் நம்பலாகாது. குளிர்ந்த காலையிற் புகைக்குழாயில் வெண்ணிற ஆவி எழுதல் நல்ல எஞ்சினிலும் நிகழ்வதே.

எஞ்சியது புறக்கசிவு ஒன்றே. ஆயின் நிலத்தில் ஈரம் இல்லையே? இங்கேதான் இன்மையளவையில் யாம் தவறியிருந்தோம். நிலத்தில் நீர் இன்மை, நீர் நிலத்தை அடையவில்லை என்பதை மட்டுமே காட்டும். கசியவில்லை என்பதைக் காட்டாது. சூடான இரும்பின்மேற் படும் நுண்துளி நிலத்துக்கு வருமுன்னரே ஆவியாகிவிடும்.

மாணவர் ரேடியேற்றர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி, மூடிக்குரிய அழுத்தம் வரை காற்றை ஏற்றினார். எஞ்சின் ஆறியிருந்தது. பத்து நிமிடமாகியும் முள் அசையவில்லை. எமக்குச் சோர்வு உண்டாயிற்று. அவரோ எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, நீரைக் கொதிக்கவிடாது, கந்தைத் துணியாற் கையைப் போர்த்து மிகக் கவனமாக மீண்டும் அதே சோதனையைச் செய்தார். இம்முறை முள் மெல்ல இறங்கிற்று. பல் வைத்தியர் பயன்படுத்துவது போன்ற சிறு கண்ணாடியையும் மின்சூளையும் கொண்டு எஞ்சினின் முன்புறத்தை நோக்கினார். விசிறிக்குப் பின்னே, நீர்ப் பம்பையும் சிலிண்டர்த் தலையையும் இணைக்கும் ஏறத்தாழ இரண்டங்குல நீளமுள்ள ரப்பர்க் குழாய் ஒன்றுண்டு. தேர்மோஸ்ரற் மூடியிருக்கும்போது நீர் சுற்றிவருதற்காக அமைந்த பக்கவழி அது. பைபாஸ் ஹோஸ் என்று தொழிலாளர் கூறுவர். அதன் பின்பக்கத்தில், நேரே பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத இடத்தில், மயிரிழை போன்ற வெடிப்பிலிருந்து புகைபோல நீர் சீறிக்கொண்டிருந்தது. ஓடும்போது விசிறிக் காற்று அத்துளிகளை எஞ்சின் உடலெங்கும் வீசி உலர்த்திவிட்டது.

குழாயின் கீழே இரும்பில் ஒரு வெண்தடமும் இருந்தது. யாம் ஊற்றிய கிணற்று நீரிற் கரைந்திருந்த சுண்ணாம்பு, நீர் ஆவியானபின் அங்கே படிந்து நின்றது. பல திங்களாகச் சான்று எழுதி வைக்கப்பட்டிருந்தது, யாம்தாம் படிக்கவில்லை.

தீர்ந்தது கொண்டு காரணம் கூறலாமோ?

புதிய குழாய் ஒன்று இட்டபின் நீர் குறைதல் நின்றது. செலவு முன்னர்க் கேட்ட தொகையில் மிகச் சிறு பங்கே. ஆயினும் இதன்பின் மாணவர் கூறிய செய்தியே எம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. காஸ்கெற் மாற்றுவதற்காகச் சிலிண்டர்த் தலையைக் கழற்றினால் அந்தச் சிறு குழாயையும் கழற்றியே ஆகவேண்டும். மீண்டும் பூட்டும்போது பெரும்பாலும் புதியதே இடப்படும். அவ்வாறு செய்திருந்தால் கசிவு நின்றிருக்கும். காஸ்கெற்றே காரணம் என்று வேலைத்தலத்தாரும் யாமும் மனப்பூர்வமாக நம்பியிருப்போம். அயலாருக்கும் அவ்வாறே கூறியிருப்போம். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது போன்றதே அது. நோய் நீங்கியது என்பதனால் நோயின் காரணம் அறியப்பட்டது என்று ஆகிவிடாது. பரீட்சையில் விடை சரியாக இருந்தும் வழி பிழையாக இருக்கும் கணக்குக்கு ஆசிரியர் முழுப்புள்ளி இடாமையின் நியாயம் இதுவே.

கருத்திற் கொள்ளவேண்டியன

எஞ்சின் சூடாயிருக்கும்போது ரேடியேற்றர் மூடியைத் திறத்தல் ஒருபோதும் ஆகாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் உள்ளிருக்கும் நீர் ஆவியாய்ப் பொங்கி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். மேலே கூறிய சூட்டுச் சோதனை தொழில் பயின்றவர் செய்யத்தக்கது. மாணவர் தாமே செய்ய முயலற்க. கொதித்து நின்ற எஞ்சினுட் குளிர்நீரை உடனே ஊற்றினால் இரும்பு வெடித்தல் கூடும். ஆறும்வரை பொறுத்திருத்தலே நன்று.

கசிவை அடைக்க மஞ்சள் தூளும் முட்டை வெள்ளையும் இடும் வழக்கம் சாரதிகளிடை உண்டு. கடைகளிலும் அதற்கென மருந்துகள் விற்கப்படுகின்றன. வழியில் அகப்பட்டவர் வீடு சேர அவை உதவலாம். நாளடைவில் ரேடியேற்றரின் நுண்குழாய்களையும் அவை அடைத்துவிடும்.

எமது பகுதியிற் பலர் செய்வதுபோலக் கிணற்று நீரை இடுதலும் தவறு. உவர்ப்பும் சுண்ணாம்பும் உள்ள நீர் உட்சுவரிற் படிந்து வெப்பம் செல்வதைத் தடுப்பதோடு உலோகத்தையும் அரிக்கும். காய்ச்சி வடித்த நீரோடு எதிலீன் கிளைக்கோல் சேர்ந்த குளிர்த்திரவத்தை அளவறிந்து கலத்தல் வேண்டும். நம் நாட்டில் நீர் உறையும் குளிர் இல்லையாயினும், துரு ஏறாமற் காத்தலும் கொதிநிலையை உயர்த்துதலும் அதன் பயன். நிறமுள்ள அத்திரவம் கசியும் இடத்திற் சாயத்தடம் விட்டு எளிதிற் காட்டிக்கொடுக்கும். புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைக் கலந்து தேடும் முறையும் இக்காலத்தில் உண்டு. ஆயின் கிளைக்கோல் இனிப்புச் சுவையுடைய கொடிய நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரையும் போக்கவல்லது. பிள்ளைகளுக்கும் நாய் முதலிய விலங்குகளுக்கும் எட்டாதவாறு அதனை வைத்தல் வேண்டும். வாய்க்காலில் ஊற்றுதல் கூடாது.

முடிவுரை

கசிவு சிறிது, அதனைத் தேடாது நாள்தோறும் நீர் நிரப்பியதே எமது பெரும்பிழை. நிரப்புதல் எளிதாயிருந்தமையால் ஆராய்தலைத் தள்ளிப்போட்டோம். பாடத்திற் பின்தங்கும் மாணவனுக்குக் காரணம் அறியாமலே மேலும் மேலும் பயிற்சிகளை ஏற்றும் ஆசிரியரும் இவ்வாறே செய்கின்றார். அவன் கண் மங்கலோ, வீட்டில் விளக்கில்லையோ, காலையில் உண்ணாது வருகின்றானோ என்று ஒவ்வொன்றாக நாடிக் கழித்த பின்னரன்றோ கற்பித்தல் பயன்தரும்? இதனை எமக்கே கூறிக்கொள்கின்றோம்.

கல்லூரியில் இன்று பயிலும் மாணவர், கைத்தொழிலை அறிவுக்குப் புறம்பானதென்று எண்ணாதிருப்பாராக. எமக்குத் தெளிவு தந்த அம்மாணவர் வகுப்பில் அளவைகளின் பெயர்களை ஒப்புவிக்க இடர்ப்பட்டவர். எஞ்சினின் முன்னே அவற்றை ஒழுங்கு தவறாது கையாண்டார். கூலி கொடுத்தபோது குழாயின் விலையை மட்டுமே எடுத்துக்கொண்டார். அவரைப் போன்ற பழைய மாணவர் பலரை நாட்டுக்கு அளித்த நம் கல்லூரி மேலும் பல விழாக்கண்டு வாழ்க என வாழ்த்தி அமைகின்றோம்.